சாவியை வாங்கும் முன்: மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் வாடகைக் கார்

2024 நவம்பர் 27. மாமல்லபுரத்தை அடுத்த பண்டிதமேட்டில் மாடு மேய்க்கப் போன ஐந்து பெண்கள், பழைய மாமல்லபுரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். படுவேகமாக வந்த கார் ஒன்று தறிகெட்டு ஓடி அவர்கள் மீது மோதியது. ஐந்து பேரும் இறந்துபோனார்கள்.

அது வாடகைக் கார் என்று சொல்ல வரவில்லை. அந்த வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரும் இரண்டு பெரிய சாலைகளிலும் ஸ்டியரிங் பிடிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய சம்பவம் அது. ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு இவை உல்லாசச் சாலைகள். இங்கேயே வாழ்கிறவர்கள் இதே சாலையோரத்தில்தான் மாடு மேய்க்கிறார்கள், மீன் விற்கிறார்கள், பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கே கடக்கிறார்கள்.

மாமல்லபுரத்தை உலகம் அறியும். 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தது இங்கேதான். 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்ததும் இங்கேதான். தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு வழங்கும் நினைவுச்சின்னங்களில், 2021-22-ம் ஆண்டில் வெளிநாட்டவர் அதிகம் வந்த இடம் தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம். 1,44,984 பேர் வந்ததாக மத்திய சுற்றுலாத் துறையின் புள்ளிவிவரம் சொல்கிறது.

இப்படி வருகிறவர்களில் ஒரு பகுதியினர் தாங்களே கார் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். வாரக்கணக்கில் தங்கும் ஐரோப்பியர், கோவளத்தில் அலைச்சறுக்கு பழக வரும் இளைஞர்கள், டொராண்டோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் குடும்பத்தோடு வரும் ஈழத்தமிழர்கள், சிங்கப்பூர், மலேசியச் சொந்தங்கள், பெங்களூரு, ஹைதராபாத்திலிருந்து சனி, ஞாயிறுக்கு வரும் ஐ.டி. ஊழியர்கள் என்று பட்டியல் நீளம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ‘செல்ஃப் டிரைவ் கார் கிடைக்குமா?’

கிடைக்கிறது. மிகச் சுலபமாகக் கிடைக்கிறது. ஆபத்து தொடங்குவதும் அந்தச் சுலபத்தில்தான்.

நம்பர் பலகை சொல்லும் சேதி

ஒரு போன். வாட்ஸ்அப்பில் லைசென்ஸ் படம். ஜிபேயில் அட்வான்ஸ். அரை மணி நேரத்தில் விடுதி வாசலுக்குக் கார் வந்து நிற்கும். கொண்டுவந்த பையன் சாவியைக் கொடுத்துவிட்டு, பின்னால் வந்த நண்பரின் பைக்கில் ஏறிப் போய்விடுவான். கையெழுத்து இல்லை, ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை. காரின் நம்பர் பலகையைப் பாருங்கள்: வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. அதாவது அது சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்யப்பட்ட கார். அதை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம்.

நம் நாட்டில் நம்பர் பலகையின் நிறத்துக்கே அர்த்தம் உண்டு. வெள்ளைப் பலகை என்றால் சொந்த வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டாக்ஸி, ஓட்டுநரோடுதான் வரும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால், வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம் என்று அனுமதி பெற்ற வண்டி. மூன்றாவது வகைதான் செல்ஃப் டிரைவ் கேட்கிறவர் தேட வேண்டியது.

இதற்கான சட்டம் புதிதல்ல. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவு, வாடகைக்கு விடும் கார்களையும் பைக்குகளையும் ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அதன்படி 1989-ல் கார்களுக்கும் 1997-ல் பைக்குகளுக்கும் தனித்தனியாகத் திட்டங்கள் வந்தன. பைக் வாடகைக்கு விட உரிமம் வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து வண்டி வைத்திருக்க வேண்டும். காருக்கோ, 1989 திட்டம் குறைந்தது 50 கார்கள் வேண்டும் என்றது. அதில் பாதியாவது ஏ.சி. கார்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. வங்கிக் கடனில் இரண்டு, மூன்று கார் வாங்கி, அதை வைத்துப் பிழைக்க நினைக்கும் உள்ளூர் இளைஞர் 50 காருக்கு எங்கே போவார்? முறையாக உரிமம் பெறும் வாசல் அவருக்கு மூடியிருக்கிறது. தேவையோ வாசலில் வந்து நிற்கிறது. விளைவு, வெள்ளைப் பலகை வண்டி. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடும் வண்டி பிடிபட்டால், 192-ஏ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆனாலும் அந்த வியாபாரம் நிற்கவில்லை.

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகள் எடுத்து ஓட்டும் ஸ்கூட்டர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். நாள் வாடகை என்ன என்று கேட்கும் முன், பலகை என்ன நிறம் என்று பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ் இருக்கிறது, உங்களுக்கு உதவுமா?

‘ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார், கவலைப்படாதீங்க’ என்பது இந்தத் தொழிலில் தினமும் சொல்லப்படும் வாக்கியம். இன்சூரன்ஸ் இருக்கலாம். ஆனால் சொந்தக் காருக்கான பாலிசியில், வாடகைக்கு விட்டால் செல்லாது என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. வாடகைக்கு ஓடும்போது கார் மோதி நொறுங்கினால், வண்டிச் சேதத்துக்கான தொகையைத் தர நிறுவனம் மறுக்கலாம். அப்போது உரிமையாளர் யார் சட்டையைப் பிடிப்பார்? வாடகைக்கு எடுத்தவரைத்தான்.

அடுத்தவருக்கு அடிபட்டால் சிக்கல் இன்னும் பெரிது. மூன்றாம் நபர் இறந்தால் தர வேண்டிய இழப்பீட்டை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் என்று கணக்குப் போட்டால் தொகை பல லட்சங்களைத் தொடும். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு.

ஓட்டுகிறவரே இறந்தால்? இரவல் வாங்கிய வண்டியை ஓட்டிச் சென்று இறந்த ஒருவரின் வழக்கில் (நிங்கம்மா எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ்) 2009-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பைச் சொன்னது. உரிமையாளரிடமிருந்து வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார். ஆகவே அவருடைய வாரிசுகள் அப்போது நடப்பில் இருந்த 163-ஏ பிரிவின்கீழ் அந்த வண்டியின் உரிமையாளரிடமோ இன்சூரன்ஸிடமோ இழப்பீடு கேட்க முடியாது என்பது அதன் சாரம். அடுத்தவர் காரில் ஊர் சுற்றக் கிளம்பும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு வாடகை ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனியாக ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இதையெல்லாம் சரிபார்க்க வக்கீலைத் தேடி ஓட வேண்டியதில்லை. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால், வண்டி எந்த வகையில் பதிவானது, எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று உண்டா என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

எந்த லைசென்ஸ் செல்லும்?

1949-ம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஒரு தரப்பு. அந்த ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதி வைத்திருக்கும் வெளிநாட்டவர் இங்கே வண்டி ஓட்டலாம். அந்த அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அவரவர் நாட்டு அசல் லைசென்ஸும் கூடவே கையில் இருக்க வேண்டும். சொந்த நாட்டில் பைக் ஓட்ட அனுமதி இல்லாதவர், இங்கே வந்து ஸ்கூட்டர் எடுத்தாலும் அனுமதி இல்லாதவர்தான்.

பயணிகள் பலர் இதைக் கவனிப்பதில்லை. வாடகைக்கு விடுகிறவர்களும் கேட்பதில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 180-வது பிரிவின்கீழ் அதே தொகை. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் விபத்து நடந்த பிறகு லைசென்ஸ் செல்லாது என்று தெரியவந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும்.

வெளிநாட்டில் குடியேறிய நம்மவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ எடுத்த லைசென்ஸ் காலாவதியாகிக் கிடக்கும். ‘நம்ம ஊருதானே’ என்ற தைரியத்தில் சாவியை வாங்கிவிடுவார்கள். இன்னொன்று, கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து நாடுகளில் வண்டி ஓடுவது சாலையின் வலது பக்கம். நமக்கு இடது பக்கம். பல வருடப் பழக்கம் ஒரே நாளில் மாறாது. நெரிசலில் மற்ற வண்டிகள் வழிகாட்டிவிடும். ஆளில்லாத சாலையில், விடியற்காலையில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும் திருப்பத்தில்தான் கை தன்னால் பழைய பக்கத்துக்குப் போகும். லண்டன், சிட்னி, கோலாலம்பூர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கொடுக்கவே கூடாது. நகல் கொடுக்கலாம், கார்டிலோ ரொக்கமாகவோ முன்பணம் கட்டி ரசீது வாங்கலாம். அசல் பாஸ்போர்ட் அடுத்தவர் மேஜை டிராயரில் இருந்தால், வண்டியில் விழுந்த சின்னக் கீறலுக்கும் அவர் சொல்வதுதான் விலை.

உப்புக் காற்றில் நின்ற வண்டி

காகிதம் சரியாக இருந்தால் அடுத்து வண்டி. கடற்கரையோரம் வருடக்கணக்கில் நிற்கும் கார்களை உப்புக் காற்று உள்ளுக்குள் அரிக்கும். மேலே பாலிஷ் போட்டு மினுங்கும் வண்டியின் அடிப்பாகத்தில் துரு உதிரும். பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், பராமரிப்பு எப்படி என்று அதுவே சொல்லிவிடும். கதவடியிலும் சைலன்சர் பக்கத்திலும் ஒருமுறை குனிந்து பார்ப்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பள்ளம் ஆழமாக இருக்கலாம். ஆனால் வெயிலில் காய்ந்து காய்ந்து ரப்பர் இறுகி, ஓரங்களில் மெல்லிய வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயரை நம்பி நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. சித்திரை வெயிலில் கொதிக்கும் தாரில், நான்கு பேரையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு வேகமாகப் போகும்போது வெடிப்பது இப்படிப்பட்ட டயர்கள்தான். டயரின் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயரின் பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஸ்டெப்னியிலும் இதையே பாருங்கள். ஜாக்கியும் ஸ்பானரும் டிக்கியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பிறகு விளக்குகள், வைப்பர், ஹாரன், கை பிரேக். நம் கடற்கரைக்குச் சுற்றுலாக் கூட்டம் பெருகும் மாதங்களில் பாதி, வடகிழக்குப் பருவமழை மாதங்கள். வைப்பர் ரப்பர் கிழிந்த வண்டியில் ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது.

பின் சீட் பெல்ட்டை மறக்காதீர்கள். நம் ஊரில் பல கார்களில் அது சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். சீட் கவர் போட்டு மூடியே வைத்திருப்பார்கள். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பின் சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்று காவல்துறை சொன்னது. விலையுயர்ந்த கார்தான், பெல்ட் போடாதவரை அதனால் காப்பாற்ற முடியவில்லை. பெல்ட் வேலை செய்யாத வண்டியை வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள்.

கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வீடியோ எடுங்கள். கீறல், நசுங்கல், கண்ணாடி, டயர், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு எல்லாம் அதில் வர வேண்டும். எடுத்த கையோடு உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் தகராறில் பாதி, இந்த வீடியோவைக் கண்டதும் அடங்கிவிடும்.

சாலை எழுதாத விதிகள்

அக்கரை தாண்டி, முட்டுக்காடு பாலம் தாண்டி, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத்தோப்பு, எதிரே நேர்ச்சாலை. ஆனால் சாலைக்குக் கிழக்கே வரிசையாக மீனவர் குப்பங்கள், மேற்கே கிராமங்கள். இரண்டுக்கும் நடுவில் நாள் முழுக்க ஆள் நடமாட்டம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். 100-ல் போனால் 28 மீட்டர். குறுக்கே வரும் மாட்டைப் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒரு விநாடிக்கு மேல் கரைந்துவிடும்.

2018-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி கார்களுக்கான உச்ச வேகம், நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் 100 கிலோமீட்டர். நகராட்சி எல்லைக்குள்ளும் மற்றச் சாலைகளிலும் 70. மாநில அரசுகள் இதைக் குறைக்கலாம். ஆகவே சாலையோரப் பலகையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அந்த இடத்துக்குச் சட்டம்.

பலகையில் எழுதாத விதிகளும் உண்டு. எதிரே வரும் வண்டி ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டால், ‘நீங்கள் போங்கள்’ என்று வழிவிடுவதாகப் பிரிட்டனிலிருந்து வந்தவர் நினைப்பார். நம் ஊரில் அதற்கு ‘நான் வருகிறேன், நில்’ என்று அர்த்தம். இந்த ஒரு குழப்பமே நேருக்கு நேர் மோதலில் கொண்டுபோய் விடும். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், திரும்பப்போகிறார் என்றும் கொள்ளலாம், ‘முந்திப் போ’ என்று சைகை காட்டுகிறார் என்றும் கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் பின்னாலேயே போவதுதான் புத்தி. ஒருவழிப் பாதையில் எதிரே பைக் வரும். பேருந்து, நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும். வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு இருக்கும், இல்லாமலும் இருக்கும்.

ஊரின் நாட்காட்டியும் தெரிந்திருக்க வேண்டும். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்திய பக்தர்கள் சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக இந்தச் சாலையோரமாகவே நடப்பார்கள்; வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பவர்கள் அதிகம். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து மாமல்லபுரம் கடற்கரை மணலில் குடில் போட்டுத் தங்குவார்கள். குழந்தை குட்டிகளோடு சாலையைக் கடப்பார்கள். தைப்பூசத்தை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையில் மேல்மருவத்தூர் போகும் செவ்வாடைக் கூட்டம். வெளிநாட்டிலிருந்து வந்து காரை எடுப்பவருக்கு இதையெல்லாம் எந்த வழிகாட்டிச் செயலியும் சொல்லாது. சாவியைக் கொடுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

இரவில் ஓட்டுவதைத் தவிர்ப்பது எல்லாவற்றிலும் மேல். விளக்கில்லாத இடத்தில் எதிர்வண்டியின் ஹை பீம் கண்ணில் அடித்த அடுத்த நொடி, சாலையில் படுத்திருக்கும் மாடும் தெரியாது, பின்விளக்கில்லாத டிராக்டரும் தெரியாது. குடித்திருந்தால் சாவியைத் தொடவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இங்கிலாந்தில் உள்ள வரம்பு 80 மில்லிகிராம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே ஒரு பீர் குடிக்கலாம் என்று நினைப்பது தப்புக்கணக்கு.

இந்த எச்சரிக்கைகளுக்கெல்லாம் காரணம் இருக்கிறது. 2022-ம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், அவற்றில் 17,884 உயிர்கள் போயின.

விபத்து நடந்துவிட்டால்

ஓடிவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவின்படி, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் முதல் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை வரலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் நேராகக் காவல்நிலையத்துக்குப் போய்விடலாம். எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112, தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033. வெளிநாட்டவர் தங்கள் மொழியில் உதவி கேட்க மத்திய சுற்றுலாத் துறையின் 1363 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பத்து வெளிநாட்டு மொழிகளில் பேசுகிறார்கள்.

செங்கல்பட்டு மாவட்டம் பெருமைப்பட வேண்டிய ஒரு செய்தி உண்டு. ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பர் 18 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது மேல்மருவத்தூரில்தான். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலம், எந்த நாடு என்று கேட்பதில்லை. ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கி, பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக் காவல்துறை அலைக்கழிக்கக் கூடாது என்று 2019-ல் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். இதைச் சாவியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கும் வாடகைக்காரர் எத்தனை பேர்?

உயிரிழப்பு நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்படி நீதிமன்றம் ஜாமீன் நிபந்தனை விதிக்கலாம். இரண்டு வார விடுமுறைக்கு வந்தவர் மாதக்கணக்கில் இங்கேயே தங்க நேரிடும்.

நாம் வெளிநாடு போனால்

இதே கவனம் நாம் வெளிநாட்டில் கார் எடுக்கும்போதும் வேண்டும். நம் லைசென்ஸை வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம். அதுவும் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். 2022 ஆகஸ்டு முதல் நாடு முழுக்க ஒரே வடிவத்தில், க்யூ.ஆர். குறியீட்டோடு தருகிறார்கள். ஆனாலும் அது எல்லா நாட்டிலும் செல்லாது. சீனாவில் செல்லாது. இலங்கையில் அந்நாட்டு அங்கீகாரம் தனியாக வேண்டும். பிரிட்டனில் இந்திய லைசென்ஸை வைத்தே 12 மாதம் ஓட்டலாம்.

பல நாடுகளில் வாடகைக் காரோடு இன்சூரன்ஸ் சேர்ந்தே வரும். ஆனாலும் சேதத்தின் முதல் பெரும் பகுதியை நாமே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும்; அந்தத் தொகையைக் கிரெடிட் கார்டில் முன்கூட்டியே முடக்கிவைப்பார்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவற்றுக்குப் பல ஒப்பந்தங்களில் பாதுகாப்பு கிடையாது. ஐஸ்லாந்தில் மணலும் எரிமலைச் சாம்பலும் காற்றில் பறந்து பெயிண்டைச் சுரண்டிவிடும் என்பதால் அதற்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள்; அங்கே மலைச்சாலைகளில் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில்தான் போகலாம். தடைசெய்த சாலையில் போனால் எந்தக் காப்பீடும் உதவாது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். வலது பக்கம் ஓட்டும் நாடாக இருந்தால், விமானத்திலிருந்து இறங்கிய களைப்போடு ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். ஒரு இரவு தூங்கி எழுந்து, பகலில் தொடங்குங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

ஒளித்து ஓடும் வண்டிகளைப் பிடித்து அபராதம் போடுவதால் மட்டும் இது தீராது. பைக்குக்கு ஐந்து போதும் என்றால், மாமல்லபுரம் போன்ற சுற்றுலா ஊர்களில் காருக்கும் ஐந்து போதும் என்று விதியைத் தளர்த்த மத்திய அரசை மாநில அரசு வற்புறுத்த வேண்டும். சிறிய உரிமையாளர்கள் சட்டத்துக்குள் வந்தால் இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் கண்காணிப்பும் தானாக வரும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைக் கடற்கரைக் கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் பல மொழிகளில் எழுதி வைக்கலாம். வெள்ளைப் பலகை வண்டியை ஏற்பாடு செய்து தரமாட்டோம் என்று விடுதிகள் உறுதி எடுக்கலாம். சாவியோடு ஒரு பக்கத் தாள் கொடுப்பதைக் கட்டாயமாக்கலாம்: ஹெட்லைட் சைகைக்கு அர்த்தம், வேக வரம்பு, அவசர எண்கள், பக்கத்து மருத்துவமனை. அச்சடிக்க ஒரு ரூபாய்கூட ஆகாது.

பயணிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துக்குள் சுற்ற கார் தேவையே இல்லை. கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் ஐந்து ரதங்களும் நடக்கும் தூரத்தில், மிஞ்சினால் சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. புதுச்சேரிக்கோ காஞ்சிபுரத்துக்கோ போக வேண்டுமென்றால், மஞ்சள் பலகை வண்டியை உள்ளூர் ஓட்டுநரோடு எடுங்கள். எந்த வளைவில் மாடு நிற்கும், எந்தக் குப்பத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு உள்ளூர்க் குடும்பத்துக்கு அன்றைய வருமானமும் ஆகும். இந்தச் சாலைக்குப் புதியவருக்கு அதுதான் மிகப் பாதுகாப்பான தேர்வு.

இல்லை, நானேதான் ஓட்டுவேன் என்றால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். இந்த வண்டி வாடகைக்கு விட அனுமதி பெற்றதா? என் லைசென்ஸ் இங்கே செல்லுமா? ஏதாவது நடந்தால் யார் பணம் கட்டுவார்கள்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் வரவில்லை என்றாலும் அந்தச் சாவியை வாங்காதீர்கள்.